கோரசர் கார்டுகள்

அக்டோபர் 29, 2008, புதன்

குஜராத்திக்காரர்களுக்கு இன்று புது வருஷம். சாகேப் எனக்கு ஒரு டைரி கொடுத்தார். மருந்துக் கம்பெனிக்காரர் போன வருஷம் கொடுத்தது, அட்டையில் இதயத்தின் படம். தேதியை அடித்துவிட்டு நானே புதுத் தேதி போட்டுக்கொள்ள வேண்டும்.

"வார்த்தை பொறுக்கப் போறவன் தினமும் எழுதணும் கோதண்ட்பாய். எங்க போனோம், யாரைப் பார்த்தோம், என்ன தின்னோம், எல்லாம்" என்றார். கோதண்டன் என்ற என் பெயர் இங்கே கோதண்ட்பாய்; பாய் என்றால் அண்ணன், பெண்களுக்கு பென்.

"பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் சாகேப் நான்."

"தமிழ்ப் பேப்பர் படிக்கிறீங்க இல்ல? அப்ப எழுதவும் வரும்."

அது உண்மைதான். அகமதாபாத் மணிநகரில் எங்கள் மில் சங்கத்து வாசகசாலைக்குத் தமிழ்ப் பேப்பர் வரும், நாலு நாள் பழையதாக. சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துப் பழகினேன். அதனால் எழுத உட்கார்ந்தால் பேப்பர் பாஷை வருகிறது. வாயில் வருவது வேறு. பத்தொன்பது வயதில் போளூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன், இப்போது அறுபத்தைந்து. குஜராத்தியும் வரும். சாகேப் வீட்டில் நடக்கிற பேச்செல்லாம் குஜராத்தியில்தான். அதைத் தமிழில் எழுதினால் அவரும் எங்கள் ஊர்க்காரர் மாதிரியே பேசுகிறார். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் கஞ்சி. பதினோரு மணிக்கு ரோட்லி என்கிற சப்பாத்தி, பருப்பு. பருப்பில் வெல்லம் போட மறந்தேன். சாகேப் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னிக்கி மெட்ராஸ் காத்தா?" என்றார். பதினோரு வருஷமாக இந்த வீட்டில் சமைக்கிறேன். வெல்லத்தை மட்டும் கை மறந்துவிடுகிறது.

சாகேபைப் பற்றி எழுதிவிட வேண்டும். பெயர் அனந்த்ராய் மாங்கட். வயது எண்பத்திரண்டு. காலேஜில் குஜராத்தி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இருபத்தைந்து வயதில் நடக்க ஆரம்பித்தாராம். ஊர் ஊராக நடந்து, ஜனங்கள் பேசுகிற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, ஒரு வார்த்தைக்கு ஒரு கார்டு என்று எழுதி வைத்திருக்கிறார். மூன்று அறை நிறையக் கார்டு. கட்டில் ஒரே அறையில்தான், அதுவும் ஓரமாக. அவர் மனைவி இருந்தபோது, "விருந்தாளி வந்தா எந்த எழுத்துக்குக் கீழ படுக்க வைக்கட்டும்?" என்று கேட்பாராம். மகன் வெளிநாட்டில். ஞாயிறு காலை போன் வரும். பத்து நிமிஷம்.

கார்டு என்றால் கடையில் வாங்கியதில்லை. கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம். இந்த ஊரில் ஒரு கல்யாணம் என்றால் அட்டை அட்டையாகப் பத்திரிகை வரும். தெரிந்தவர்கள் எல்லோரும் மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம் என்று வெட்டுவது என் வேலை. முன்பக்கம் யார் வீட்டுப் பெண், யார் பிள்ளை என்று இருக்கும். நான் அதைப் படிப்பதில்லை. வெட்டுவதோடு சரி.

ஒவ்வொரு கார்டிலும் இத்தனை இருக்க வேண்டும்: வார்த்தை, அர்த்தம், சொன்னவர் சொன்ன முழு வாக்கியம், அவர் பெயர், வயது, பிறந்த ஊர். பெண்ணாக இருந்தால் வாழ்க்கைப்பட்ட ஊரும், புருஷனுடைய சொந்த ஊரும். ஏனென்றால் பெண்ணின் வாய்க்கு இரண்டு ஊர் என்பார் சாகேப்.

இப்போது அவருக்கு முழங்கால் போய்விட்டது. மாணவர்கள் எல்லோரும் பெரிய வேலைகளுக்குப் போய்விட்டார்கள். நான் காய்கறிச் சந்தைக்குப் போனால் யார் என்ன சொன்னார்கள் என்று குரலோடு வந்து சொல்வேன். எனக்கு அது சின்ன வயதிலிருந்து உள்ள வியாதி. ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "நீங்கதான் என் கால்" என்றார். அதிலிருந்து என்னை அனுப்புகிறார். எனக்குக் குஜராத்தி எழுத்து சரியாக ஓடாது. காதில் வாங்கிக்கொண்டு வந்து சொல்வேன், அவர் எழுதுவார். டேப் மெஷினை அவர் நம்புவதில்லை. அதைக் கண்டால் ஜனங்கள் கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி பேசுகிறார்கள் என்பார்.

பாக்கி இருப்பது ஒரே ஒரு பக்கம், தோலேராவைச் சுற்றிய உப்புமண் சீமை. அது முடிந்தால் புத்தகம் அச்சுக்குப் போகும்.

"எந்த ஊர் சாகேப்?"

"கோரசர்னு ஒரு ஊர். அங்க பேச்சு கலக்காம இருக்கும்."

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அடுப்பில் பால் வைத்திருந்தேன். போய்ப் பார்த்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

கோரசர் போனேன்.

காலை ஆறரை பஸ். எனக்கு முன் சீட்டில் ஒருவர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்தார். கண்டக்டர், "இதுக்கு அரை டிக்கெட்" என்றார். அவர், "அப்ப இதுக்கு ஒரு சீட்டுக் குடு, ஜன்னல் ஓரமா" என்றார். தோலேரா வரும்வரை இந்தப் பேச்சு ஓடியது. இறங்கும்போது கண்டக்டரே குட்டியை வாங்கிக் கீழே விட்டார்.

கோரசர் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை, தண்ணீர்த் தொட்டி ஒன்று. டீக்கடைக்காரருக்கு ஒரு கண்தான் நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணால் பாலையும் மற்ற கண்ணால் ஆளையும் பார்ப்பார். மூன்று டீ குடித்தேன். ஊர் அங்கிருந்து கால் மைல் இருக்கும். வழியெல்லாம் வெள்ளை பூத்த மண். தூரத்தில் ஓட்டுக் கூரைகள் தெரியும். மதியம் இரண்டு மணிக்குத் திரும்புகிற பஸ்.

சாகேபுக்கு ஒன்பது வார்த்தை சொன்னேன். "யார் சொன்னது?" என்றார். ஜீவிபென் என்று ஒரு அம்மா, குளத்தங்கரையில் பார்த்தேன் என்றேன். வயது கேட்டார். ஐம்பத்தெட்டு என்றேன்.

"பரவாயில்லையே. பொம்பளைங்க வயசு சொல்ல மாட்டாங்க. உங்களுக்கு முதல் நாளே சொல்லிட்டாங்களா?"

புருஷனுடைய ஊர் கேட்டார். விசாரிக்கவில்லை என்றேன்.

நவம்பர் 12, புதன்

கத்தரிக்காய். வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

மூன்றாவது தடவை போய் வந்தேன். மொத்தம் நாற்பத்தாறு கார்டு. சாகேப் சின்னப்பிள்ளை மாதிரி வாசலிலேயே நாற்காலி போட்டுக் காத்திருக்கிறார். நான் செருப்பைக் கழற்றும் முன்பே, "இன்னிக்கி ஜீவிபென் என்ன சொன்னாங்க?" என்கிறார்.

இன்று ஒரு வார்த்தை சொன்னேன். கதவைத் தாழ் போடாமல், வெறுமனே சாத்தி வைப்பதற்கு அங்கே ஒரு சொல் உண்டு. வாக்கியம்: 'நீங்க ராத்திரி ஷிப்டு, நான் கதவைச் சாத்தி மட்டும் வெச்சிருக்கேன், தட்டாதீங்க, பொண்ணு எழுந்துக்கும்.'

சாகேப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எழுந்து உள்ளே போய், கைப்பிரதியின் நகல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஐந்நூறு வருஷத்துக்கு முன் யாரோ பாடிய பாட்டு. அவர் அந்தப் பழைய ஏடுகளையும் பதிப்பித்தவர். அதில் இந்தச் சொல் இருக்கிறதாம். யாருக்கும் அர்த்தம் தெரியாதாம். எழுதினவன் தப்பாக எழுதிவிட்டான் என்று பெரிய பெரிய ஆட்கள் சொல்லிவிட்டார்கள். சாகேப் மட்டும், இது தப்பில்லை, உப்புமண் சீமையில் எங்கேயோ யாரோ இன்னும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நாற்பது வருஷத்துக்கு முன் எழுதினாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

"ஒரு பொம்பளை, புருஷனுக்காகக் கதவைச் சாத்தி மட்டும் வெச்சிருக்கா. பாட்டுலயும் அதேதான், கோதண்ட்பாய்" என்றார். கண் துடைத்துக்கொண்டார்.

இன்று கிச்சடி. அடிபிடித்துவிட்டது.

டிசம்பர் 9, செவ்வாய்

நூற்றுப் பன்னிரண்டு. போதும் என்று சாகேப் சொல்லிவிட்டார். கார்டுகளை வரிசையாக அடுக்கிப் படித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு கவனிச்சீங்களா? மத்தவங்க கார்டுல எல்லாம் மாடு, மழை, பக்கத்து வீட்டுச் சண்டைன்னு இருக்கு. இந்த அம்மா ஒவ்வொரு வாக்கியத்துலயும் யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. சாப்பிட வாங்க, குடை எடுத்துக்கிட்டுப் போங்க, சீக்கிரம் வந்துருங்க. குளத்தங்கரையில உங்ககிட்ட இதையெல்லாம் எதுக்குச் சொல்றாங்க?"

"கதை சொல்ற மாதிரி சொல்வாங்க சாகேப்" என்றேன்.

டிசம்பர் 10, புதன்

சாகேப் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பார், அர்த்தம் தெரியாது. அதனால் எழுதலாம்.

நான் ஊருக்குள் போகவில்லை. ஆறு தடவையும் டீக்கடையோடு சரி. வேப்பமரத்துக்கு அப்பால் இருபது அடி நடந்திருப்பேன். ஒரு தடவை முப்பது.

வார்த்தைகள் பொய் இல்லை. எல்லாம் ஜீவி சொன்னதுதான். சொன்னது இப்போது இல்லை, அவ்வளவுதான். பதினாறு வருஷம் மணிநகர் சாலியில், ஒன்பதாம் நம்பர் ரூமில் சொன்னது. சாலி என்றால் மில்காரர்களின் வரிசை வீடு. ஒரு ரூமில் தும்மினால் பத்து ரூமிலிருந்து நல்லாயிரு என்பார்கள்.

அவள் என் மனைவி.

டிசம்பர் 21, ஞாயிறு

மகன் போன் வந்தது. எட்டு நிமிஷம்.

அதற்குப் பிறகு சாகேப், "அச்சகத்துல மார்ச் மாசம்னு சொல்லிட்டாங்க. அதுக்குள்ள கோரசருக்கு நாம இரண்டாவது தடவை போகணும்" என்றார்.

இதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருந்தேன். அவருடைய சட்டம் அது. எந்த வார்த்தையும் ஒரே தடவை கேட்டதோடு புத்தகத்தில் ஏறாது. சொன்னவரிடம் மறுபடி போய், கார்டைப் படித்துக் காட்டி, 'ஆமா, இது நான் சொன்னது' என்று அவர் வாயால் வர வேண்டும். வந்தால் கார்டின் மூலையில் சிவப்பு மையில் தேதி போடுவார். மூன்று அறையிலும் சிவப்புத் தேதி இல்லாத கார்டு ஒன்றுகூட இல்லை. இந்த நூற்றுப் பன்னிரண்டைத் தவிர.

"நீங்க ஏன் சாகேப் கஷ்டப்படணும், நானே போய்ப் படிச்சுக் காட்டிட்டு வரேன்" என்றேன்.

"எத்தனை வருஷம் கழிச்சு அந்தச் சொல் கெடைச்சிருக்கு. அந்த வாயை நான் பார்க்க வேண்டாமா?"

பிறகு அவராகவே ஒரு பழைய கதை சொன்னார். அவரிடம் படித்த ஒருவன், கெட்டிக்காரன், மலைச்சாதியார் பேச்சைப் பற்றி எழுதினான். இருபது ஆட்கள் பெயர் போட்டிருந்தான். சாகேப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். பதினாலு பேர்தான் இருந்தார்கள். மீதி ஆறு பேர் அந்த ஊரில் பிறக்கவே இல்லை. பட்டம் கொடுக்கக்கூடாது என்று சாகேப் எழுதிவிட்டார். அவன் அதோடு படிப்பை விட்டுவிட்டான்.

"அவன் எழுதினது எல்லாம் சரியான வார்த்தைங்கதான், கோதண்ட்பாய். பின்னாடி தெரிஞ்சுது. அவனுக்குப் பாட்டுக்காரங்க மாதிரி காது. ஆனா ஆள் இல்லையே."

"அதுக்காக விட்டுட முடியாதா சாகேப்?"

"நான் விட்டா, என் மூணு ரூமையும் யார் நம்புவாங்க?"

ஜனவரி 14, புதன்

பட்டம் விடும் பண்டிகை. ஊரே மொட்டை மாடியில். சாகேபுக்குப் படி ஏற முடியாது, நானும் ஏறவில்லை. ஜன்னல் வழியாக நூல்கள் மட்டும் தெரிந்தன. மேலே யாரோ யாருடைய பட்டத்தையோ அறுத்துவிட்டுக் கத்தினார்கள். கீழ்வீட்டு அம்மா எள்ளுருண்டை கொடுத்துவிட்டுப் போனார். சாகேபுக்குப் பல் இல்லை. நான் இரண்டு தின்றேன்.

சாலியில் இந்த நாளில் ஜீவிதான் நூல்கண்டு பிடிப்பாள். பெண் ரேவா என் தோளில் இருப்பாள். ரேவாவின் கல்யாணம் எண்பத்தெட்டாம் வருஷம் மே மாதம் நடந்தது. நான் அப்போது எங்கள் ஊரில் இருந்தேன். எண்பத்தைந்தில் மில்லை மூடினார்கள். அடுத்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சங்கத்துக்குத் தந்தி வந்தது. பத்து நாள் என்று போனேன். அம்மா எழுந்திருக்கவும் இல்லை, போகவும் இல்லை. மூன்று வருஷம் ஆனது.

போளூர்ச் சந்தையில் தற்செயலாகப் பார்த்த பழைய மில்காரர் ஒருவர் சொல்லித்தான் கல்யாணம் தெரிந்தது. புறப்பட்டேன். காட்பாடி ஸ்டேஷன் வரை வந்தேன். ரயில் தாமதம் என்றார்கள். ஊருக்கே திரும்பிவிட்டேன்.

எவ்வளவு தாமதம் என்று யாராவது கேட்டால், நாற்பது நிமிஷம்.

ஜனவரி 15, வியாழன்

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். சாகேப் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். உப்பு இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

சாகேபின் பழைய மாணவர் ஒருவர் ஜீப்பும் டிரைவரும் அனுப்புகிறாராம். அடுத்த செவ்வாய்க்கிழமை. நான் சாகேபின் கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டேன். ஜீவிபென் வெளியூர் போயிருப்பார் என்று சொல்லிப் பார்த்தேன். "எங்க?" என்றார். சூரத்தில் மகள் இருக்கிறாள் என்றேன். "மகள் இருக்கறதும் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே" என்றார், சந்தோஷமாக.

பிப்ரவரி 3, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுத வேண்டும், விட்டுவிடக்கூடாது.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். சாகேப் முன்னால் டிரைவர் பக்கம், நான் பின்னால் கார்டுப் பெட்டியோடு. டிரைவர் ஹபீப்பாய் பேசிக்கொண்டே வந்தார். அவருடைய மச்சானுக்கு மூன்று தடவை பெண் பார்த்து மூன்று தடவையும் பெண் வீட்டு நாய் கடித்த கதை. வேறு நாளாக இருந்தால் அந்தக் கதையை நான் இங்கே முழுசாக எழுதியிருப்பேன்.

தோலேரா தாண்டி வெள்ளை மண் வந்ததும், "சாகேப், வண்டியை நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

ஒதுங்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன். குளத்தங்கரை இல்லை. யாரையும் பார்க்கவில்லை. ஜீவி என் வீட்டுக்காரி. இருபது வருஷமாக அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நான் ஊரிலிருந்து திரும்பி வந்தபோது ஒன்பதாம் நம்பர் ரூமில் வேறு யாரோ இருந்தார்கள். அவள் அண்ணன் வீட்டுக்கும் மகள் சூரத்துக்கும் போய்விட்டதைப் பக்கத்து ரூம்காரர்கள்தான் சொன்னார்கள். இங்கே நான் வந்ததே இல்லை, இந்த ஆறு தடவையைத் தவிர.

சாகேப் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது. ஹபீப்பாய் இன்ஜினை அணைத்தார்.

"அந்தப் பையனை நான் படிப்பை விட்டே அனுப்பினேன்" என்றார் சாகேப்.

"ஆமா சாகேப்."

"உங்களை என்ன பண்ணட்டும்?"

"எனக்குப் போக வேற வீடு இல்ல சாகேப். ஆனா நீங்க போன்னு சொன்னா போறேன். கார்டைக் கிழிச்சுடுங்க."

"கிழிக்கறதும் வெக்கறதும் நானும் நீங்களும் சொல்ற விஷயம் இல்ல" என்றார். "சொன்னவங்க இருக்காங்க இல்ல? வண்டியை எடு ஹபீப்."

வேப்பமரத்தைத் தாண்டினோம். அதற்கு அப்பால் ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கல்யாணம் அகமதாபாத்தில்தான் நடந்தது. ஹபீப்பாய் இரண்டு இடத்தில் வழி கேட்டார்.

அண்ணன் மேராம்பாய் வீட்டு முற்றத்தில் சீரகம் காயப் போட்டிருந்தார்கள். ஜீவி முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு கனத்திருக்கிறது. கண்ணாடி போட்டிருக்கிறாள். சாகேபைப் பார்த்து எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டு, "வாங்க, உக்காருங்க" என்றாள். என்னைப் பார்த்தாள். முறத்தில் மிச்சமிருந்ததைக் கொட்டிவிட்டு வந்தாள்.

தண்ணீர் வந்தது. முதலில் சாகேபுக்கு, பிறகு ஹபீப்பாய்க்கு, பிறகு எனக்கு. மேராம்பாய் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் போ என்றும் சொல்லவில்லை.

சாகேப் விஷயத்தைச் சொன்னார். நான் இந்த வீட்டுக்கு வந்ததாகப் பொய் சொன்னதையும் மறைக்கவில்லை. "உங்க வார்த்தைங்கன்னு நூத்துப் பன்னெண்டு எழுதி வெச்சிருக்கேம்மா. இது உங்களுதுதானான்னு நீங்கதான் சொல்லணும். இல்லேன்னா எடுத்துடுவேன்."

"அவர் சொன்னாரா இதெல்லாம்?"

"ஆமா."

"நூத்துப் பன்னெண்டா?"

"ஆமாம்மா."

சீரகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். "படிங்க. எல்லாத்தையும் படிங்க" என்றாள்.

சாகேபுக்குப் படிக்கிற குரல் நல்ல குரல். காலேஜில் முப்பது வருஷம் பாடம் வாசித்த குரல். அந்தக் குரலில், அந்த முற்றத்தில், அண்ணன் வீட்டு மருமகள்கள் மூன்று பேரும் வாசல்படியில் நின்று கேட்க, எங்கள் ஒன்பதாம் நம்பர் ரூமைப் படித்தார்.

'பொண்ணுக்குக் காய்ச்சலா இருக்கு, மில் சங்கு ஊதினதும் எங்கயும் நிக்காம வாங்க.'

"ஆமா. சொன்னேன்."

'இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனா கூட்டத்துல உங்களைத் தேட வேண்டியதே இல்ல.'

மருமகள்கள் சிரித்தார்கள். "யாரை அத்தை இப்படிச் சொன்னீங்க?" என்றாள் சின்னவள். ஜீவி மோவாயால் என்னைக் காட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

ஜீவி ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. "இது நான் சொல்லலே. நாலாம் நம்பர் கங்காபென் சொன்னது, எடுத்துடுங்க" என்றாள். "இது எங்கம்மா சொல்றது. என் வாயில வராது." இப்படி ஒன்பது கார்டு போனது. சாகேப் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்தால் கல்யாணப் பத்திரிகை தெரிந்தது.

கதவுக் கார்டு வந்தது. சாகேப் அதை மட்டும் மெதுவாகப் படித்தார்.

"ஆமா. சொன்னேன்" என்றாள். "அவர் ராத்திரி ஷிப்டு போன நாளெல்லாம் சொன்னேன். அவர் ஊருக்குப் போனதுக்கு அப்புறம் சொல்ல ஆள் இல்ல. சாத்தி வெக்கறதை மட்டும் விடலே. ரெண்டு வருஷம். அப்புறம் திருடன் வந்து ரேடியோவை எடுத்துட்டுப் போனான்."

மேராம்பாய் எழுந்து மாட்டுப் பக்கம் போய்விட்டார்.

கடைசிக்கு முந்தின கார்டு. 'பத்து நாள்ல வந்துருவீங்க இல்ல.' சாகேப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொன்னேன். ஆனா அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. அதை இவர் உங்ககிட்ட சொல்லலே."

"சொல்லுங்கம்மா. எழுதிக்கறேன்."

"'வரலேன்னா நானே வந்து கூட்டிட்டு வரேன், ஊர்ப் பேரை மட்டும் ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துட்டுப் போங்க'ன்னு சொன்னேன்."

"குடுத்தாரா?"

"ரயிலுக்கு நேரமாச்சுன்னார்."

சாகேப் எழுதிக்கொண்டார். வார்த்தை மாற்றாமல், முழுசாக. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அவளைப் பற்றித் தெரியாது. வேறு ஜாதி, வேறு பாஷை. அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா போன பிறகு அண்ணனிடமும் சொல்லவில்லை. கல்யாணமாகாத இருபத்தேழு வயதுப் பையன் என்று அங்கே நினைத்துக்கொண்டிருந்தார்கள்; பிறகு முப்பது வயதுப் பையன், நாற்பது வயதுப் பையன்.

சிவப்பு மையில் தேதி போட்டு முடித்தார். நூற்று மூன்று. பிறகு பெயர், ஊர் சரிபார்த்தார்.

"பிறந்த ஊர்?"

"இதே கோரசர்."

"வாழ்க்கைப்பட்ட ஊர்?"

"மணிநகர்."

"புருஷனோட சொந்த ஊர்?"

"தெரியாது."

நான் சொன்னேன். ஆண்டிக்குறும்பூர், போளூர் தாலுகா என்று. குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன்.

சாகேப் என் பக்கம் திரும்பவில்லை. "அவங்க வாயால வரணும் கோதண்ட்பாய்" என்றார்.

ஜீவி என்னைப் பார்த்தாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். நான் சொன்னது கேட்டது. "நான் பார்த்ததில்லையே. பார்க்காத ஊரை என் பேர்ல எழுதாதீங்க சாகேப்" என்றாள்.

சாகேப் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். ரோட்லி, கத்தரிக்காய், மோர். எல்லோர் தட்டிலும் ஒரே அளவாக வைத்தாள். இரண்டாவது தடவை ரோட்லி வேண்டுமா என்று என்னிடமும் கேட்டாள். விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி. போதும் என்றேன்.

பிப்ரவரி 4, புதன்

சாகேப் காலையில், "இனிமே நீங்க வார்த்தை பொறுக்கப் போக வேண்டாம்" என்றார். சரி என்றேன். சற்றுக் கழித்து, "பருப்புல வெல்லம் போடுங்க" என்றார். அதனால் இருக்கலாம் என்று புரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

பீர்க்கங்காய். சாகேப் என்னிடம் முன்பு மாதிரி சந்தைக் கதை கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. இரண்டு பேரும் இரண்டு அறையில் இருக்கிறோம். நடுவில் ஒரு அறை நிறையக் கார்டு.

மார்ச் 17, செவ்வாய்

அச்சகத்திலிருந்து தாள்கள் வந்தன. சாகேப் முன்னுரையில் கடைசியாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறார். எனக்குப் படித்துக் காட்டினார். கோரசர் வார்த்தைகள் எப்போது கேட்டவை, யார் கேட்டது, எப்படிப் பொய்யாக வந்தது, பிறகு எப்படிச் சரிபார்த்தது, எல்லாம். என் பெயரைப் போட்டிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு முன் அனுப்பிவிட்ட மாணவனின் பெயரையும் போட்டு, நாம் சேர்ந்து இரண்டாம் தடவை போயிருக்கலாம், நான் உன்னைக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

"சிரிக்க மாட்டாங்களா சாகேப்?"

"சிரிப்பாங்க."

அவர் தூங்கியதும் நான் கோரசர் பக்கத்தைத் தேடினேன். எழுத்துக் கூட்டிப் பார்க்க அரை மணி ஆனது. ஜீவிபென், ஐம்பத்தெட்டு, கோரசர், மணிநகர். அப்புறம் கோடு. அச்சுக்காரன் எதையாவது விட்டுவிட்டான் என்று நினைத்து நிரப்பிவிடுவானோ என்று பார்த்தேன். நிரப்பவில்லை. சின்னக் கோடு, ஒரு அரிசி நீளம்.

மார்ச் 20, வெள்ளி

மூன்று நாளாக ஒரு காகிதத்தில் குஜராத்தி எழுத்து எழுதிப் பழகினேன். சாகேபிடம் கேட்கவில்லை. அவருடைய கார்டுகளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்தேன். கோணலாகத்தான் வந்தது.

ஜீவிக்கு எழுதியது இவ்வளவுதான். ஆண்டிக்குறும்பூர். போளூர் தாலுகா. அகமதாபாத்தில் மெட்ராஸ் ரயில் ஏற வேண்டும். மெட்ராஸிலிருந்து காட்பாடி. காட்பாடியில் இறங்கினால் போளூர் பஸ். போளூரிலிருந்து ஆறாம் நம்பர் பஸ், கடைசி நிறுத்தம். அங்கே கோதண்டன் வீடு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அண்ணன் வரதன் வீடு என்று கேட்க வேண்டும். அண்ணனுக்கு வேறு ஒரு கடிதம் தமிழில் எழுதியிருக்கிறேன். எனக்கு மனைவி உண்டு, பெயர் ஜீவி, மகள் ரேவா, சூரத்தில் இருக்கிறாள் என்று.

காட்பாடியில் ரயில் தாமதமாக வந்தாலும் காத்திருந்தால் வந்துவிடும் என்று அடியில் எழுதினேன். பிறகு அதை அடித்தேன்.

இரண்டு கடிதத்தையும் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.